ஏழாவது ஹோலில் பிடுங்கிய வெள்ளைக் கட்டைகள்

முப்பத்திரண்டு வருடம் நில அளவைத் துறையில் குப்பை கொட்டியவனுக்கு மனிதர்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் தானாக வந்து சேர்ந்துவிடும். எல்லோரும் எப்போதும் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல அது. நிலம் என்று வந்துவிட்டால் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பைத் தன்னுடையது என்று சத்தியம் செய்தவரைப் பார்த்திருக்கிறேன். ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் முழங்காலிட்டவர் திங்கட்கிழமை எல்லைக்கல்லைக் கடப்பாரையால் நெம்பிக் கிணற்றுக்குள் தள்ளியதையும் பார்த்திருக்கிறேன். ஆள் விட்டு அந்தக் கல்லை மேலே எடுத்ததும் நான்தான்.

அந்த வேலையில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஒருவன் ஒரு நிலத்தை விழுங்க நினைத்தால் முதலில் கல் போகும். பிறகு வரப்பு போகும். கடைசியில் வழி போகும். இந்த வரிசை தவறி நான் பார்த்ததில்லை. கல்லைப் பிடுங்கியவனிடம் ஏன் பிடுங்கினாய் என்று கேட்கக் கூடாது என்பதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்டால் ஒரு கதை சொல்வான். அந்தக் கதையை உடைக்க நாம் ஆறு மாதம் அலைய வேண்டும்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், நல்லம்பள்ளியைத் தாண்டி மலை எதிரே தெரிகிற இடத்தில் ஒரு ரிசார்ட் கட்டத் தொடங்கினார்கள். முதலாளி பெங்களூரில் அடுக்குமாடி கட்டி விற்கிறவர். நீச்சல் குளம், தங்கும் அறைகள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கோல்ஃப் மைதானம். நிலத்துக்கு ஒரு ஆள் வேண்டும், பட்டா, புலப்படம் எல்லாம் படிக்கத் தெரிந்தவராக வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். உண்மைக் காரணம் வேறு. என் தங்கையின் ஊர் அந்த நிலத்துக்குப் பின்னால் இருக்கிறது.

ஊர் என்று சொல்வதே அதிகம். இருபது இருபத்தைந்து வீடுகள். எல்லோருக்கும் துண்டு துண்டாகக் கொஞ்சம் காடு, அதில் குண்டுமல்லி. விடியும் நேரத்தில் மொட்டைப் பறித்து, பையில் கட்டி, மொபெட்டில் வைத்துக்கொண்டு, ரிசார்ட்டாகப் போகிற அந்த நிலத்தின் நடுவே போகும் வண்டித்தடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினால் சேலம் ரோடு வந்துவிடும். அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துத் தருமபுரி பூ மார்க்கெட். மொட்டு மொட்டாகவே போய்ச் சேர வேண்டும். வாய் திறந்துவிட்டால் யாரும் சீந்த மாட்டார்கள். அந்தத் தடம் இல்லாவிட்டால் மலையடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கல்லும் பள்ளமுமான வழி. முக்கால் மணி நேரம் ஆகும், மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. என் தங்கை கணவனை இழந்தவள். அந்த மல்லித் தோட்டம்தான் அவளுக்கு எல்லாம்.

தடம் எந்தக் காகிதத்திலும் இல்லை. அது பட்டா நிலத்துக்குள் போகிறது. பழைய நிலக்காரர் போகட்டும் என்று விட்டதால் போனார்கள். சர்வே வேலையில் சேர்ந்த புதிதில் அந்தப் புலத்தை அளந்தவனே நான். தனியார் நிலத்துக்குள் போகிற தடத்தைப் படத்தில் போட எனக்கு அதிகாரமில்லை என்று விட்டுவிட்டேன். கோர்ட்டுக்குப் போனால் பழக்க உரிமை என்று வாதாடலாம். தீர்ப்பு வரும்போது மல்லிச் செடியும் இருக்காது, வாதாடினவரும் இருக்க மாட்டார். ஆகவே ரிசார்ட்டுக்குள் நம் ஆள் ஒருவன் இருப்பது நல்லது என்று தோன்றியது. வேவு பார்க்கத்தான் போனேன். இப்போது அதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மைதானத்தை வடிவமைக்க ஒருவர் வந்தார். மைசூர்ப் பக்கத்துக்காரர், அறுபது வயதிருக்கும், ஒல்லி, தலையில் எப்போதும் ஒரு நைந்த தொப்பி. கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். வேலைக்காலத்தில் நான் ஒகேனக்கல் பக்கமும் ஓசூர்ப் பக்கமும் இருந்தவன் என்பதால் எனக்கு அது கஷ்டமாக இல்லை. அவர் வருவதற்கு முன்பே அவர் அனுப்பிய முதல் படம் வந்துவிட்டது. அதன்படி தடத்தின் இரண்டு பக்கமும் வெள்ளை பெயின்ட் அடித்த கட்டைகளை நட்டோம். மைதானத்தின் எல்லை அது என்று படத்தில் எழுதியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. எல்லை நட்டாகிவிட்டது என்றால் நடுவில் இருக்கிற தடம் அவர்களுடையது இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்? தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் கட்டையைப் பார்த்துவிட்டு வந்து, "இப்பத்தாண்ணா எனக்குத் தூக்கம் வரும்" என்றாள்.

அவர் நேரில் வந்த முதல் வாரத்திலேயே எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கெல்லாம் தனியாகப் போய் அந்தத் தடத்தில் நிற்பார். மைதானம் முழுக்க அறுபது ஏக்கர் கிடக்க, இவருக்கு இந்தத் தடத்தில் என்ன வேலை? காலடி வைத்து அகலத்தை அளப்பார். கைத்தடியைத் தரையில் போட்டு போட்டோ எடுப்பார். மொபெட்டில் வருகிற பெண்களை நிறுத்தி, எத்தனை வருடமாக இந்த வழியில் போகிறீர்கள், எந்தெந்த நேரத்தில் போவீர்கள், மழையில் எப்படி என்று கேட்பார். எத்தனை வருடமாக என்று கேட்கிறவன் வழக்குக்குத் தயாராகிறவன். என் சர்வீசில் அப்படிக் கேட்ட ஒருவர்கூடச் சும்மா கேட்டதில்லை.

அவருக்கும் முதலாளிக்கும் சண்டை வந்தது ஏழாவது ஹோலில். ஹோல் என்றால் குழி மட்டுமில்லை. பந்தை முதல் அடி அடிக்கிற மேட்டிலிருந்து கொடி நட்ட குழி வரை நீளுகிற மொத்த இடத்துக்கும் அதுதான் பெயர். ஏழாவது ஹோலைக் குறுக்காக, சாய்வாக வெட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் தடம். மேட்டில் நின்றால் நேர் எதிரே மலை. முதலாளி டிரோனில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார்.

"பாருங்க சார். மலை எவ்வளவு அழகா இருக்கு. நடுவுல இந்த மண் ரோடு. ஒரு அம்மா வேற மொபெட்ல போயிட்டிருக்காங்க. இதை எப்படி சார் நான் வெப்சைட்ல போடறது?"

அவருக்கு வேண்டியது ஓர் ஏரி. மேட்டிலிருந்து கொடி வரைக்கும் தண்ணீர், தண்ணீரில் மலையின் நிழல், கரையில் வரிசையாகப் பனை போன்ற ஏதோ வெளிநாட்டு மரங்கள். தண்ணீருக்கு மேலே ஒரே அடி. "அந்த ஒரு போட்டோவுக்கே ஆள் வருவான்" என்றார்.

"ஒரு தடவை வருவான்" என்றார் மைசூர்க்காரர். "நோடி, பாருங்க, மலையை நான் செய்யல்ல. நீங்களும் செய்யல்ல. மூணாவது நாள் யாரும் மலையைப் பாக்க மாட்டான். அவன் பந்தைப் பாப்பான். எங்கே அடிக்கறதுன்னு அவன் நின்னு யோசனை பண்ணணும். யோசனை இல்லேன்னா ஆட்டம் இல்ல. வெறும் காட்சி."

முதலாளி சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சிரிக்கும்போது கண் சிரிக்காது. ஆனால் அன்று நான் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை, மைசூர்க்காரரின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான ஏரி வேண்டாம், மண் தடம் வேண்டும் என்று ஒருவன் சொன்னால் அதை நான் எப்படி நம்புவது? காசு கொடுத்து ஆட வருகிறவன் மண்ணில் பந்தைத் தேட வேண்டும் என்று யார் ஆசைப்படுவார்கள்? முதலாளியின் ஆசை எனக்குப் புரிந்தது. அழகாக ஒன்றைக் கட்டி விற்க வேண்டும். கல்யாண மண்டபம் கட்டுகிறவனுக்கும் அதே ஆசைதான். இவருடைய ஆசை புரியவில்லை. புரியாத ஆசைக்குப் பின்னால்தான் கள்ளப் பத்திரம் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அவர் என் கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, "சர்வேயர் சார், ஒரு பந்து அடிங்க" என்றார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மறுத்தேன். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்து மேட்டில் ஏறி நின்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வலது பக்கம் அடித்தால் பயமில்லை, பந்து புல்லில் விழும். ஆனால் அங்கிருந்து கொடிக்குப் போக ஒரு பெரிய மணல் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இடது பக்கம், தடத்துக்கு மேலாகத் தூக்கி அடித்தால் அடுத்த அடி சுலபம், கொடி திறந்து கிடக்கும். ஆனால் அடி கொஞ்சம் குறைந்தால் பந்து தடத்தின் சக்கரப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து எடுப்பது அவரவர் சாமர்த்தியம்.

நான் நின்றேன். ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது. வலதா இடதா என்று மனது இழுத்துக்கொண்டே இருந்தது. காற்றைப் பார்த்தேன், தடத்தின் தூரத்தைக் கண்ணாலேயே அளந்தேன். எதிரே மலை இருந்ததை நான் மறந்தே போய்விட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் இடது பக்கம் அடித்தேன். பந்து பத்தடி உருண்டு புல்லிலேயே நின்றது. அவர் கைதட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் அந்தச் சிரிப்பை நினைத்துக் கோபப்பட்டேன். ஆளை மயக்குவதற்கு முதலில் விளையாட்டுக் காட்டுவார்கள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வெள்ளைக் கட்டைகளைப் பிடுங்கச் சொன்னார்.

காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் பாதி பிடுங்கியாகிவிட்டது. தடத்தின் இரண்டு பக்கமும் குழிகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. பிடுங்கிய கட்டைகள் டிராக்டரில் கிடந்தன. அவர் தொப்பியோடு நின்று, "அதுவும், அதுவும்" என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார். நானும் வைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. என் நாக்கு நுனி வரை வந்ததுதான். கேட்டால் ஒரு கதை வரும் என்று விழுங்கிவிட்டேன். கல் போய்விட்டது. அடுத்தது வரப்பு, அடுத்தது வழி. எனக்கு வேறு என்ன தெரிய வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை ஊருக்குப் போனேன். பால் சொசைட்டி வாசலில் ஊரைக் கூட்டினேன். ஆண்களும் பெண்களுமாக முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எழுந்து நின்று, என் சர்வீஸ் முழுவதையும் சாட்சிக்கு இழுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"முதலாளி பரவால்லீங்க. அந்தத் தொப்பிக்காரன்தான் ஆபத்து. கட்டையப் பிடுங்கிட்டான். இன்னும் ரெண்டு மாசத்துல தடத்த உழுது புல் போட்டுருவான். அந்தாளு இருக்கற வரைக்கும் வேலை நடக்க வுடக்கூடாது."

"ஏனுங்க, நல்ல மனுசன் மாதிரியில்ல பேசுனாரு?" என்று ஒருவர் இழுத்தார்.

"நல்ல மனுசன் மாதிரிப் பேசாம, திருடன் மாதிரியா பேசுவான்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது.

மனுவை நானே எழுதினேன். எழுதுவதில் எனக்குக் கை உண்டு. வடிவமைப்பாளரை மாற்ற வேண்டும், அதுவரை வேலை நடக்கவிட மாட்டோம் என்று அழுத்தமாக எழுதினேன். ஊர் மொத்தமும் அதில் கையெழுத்தும் கைநாட்டும் போட்டது. புதன்கிழமை முதலாளி விருந்தாளிகளோடு வருகிறார் என்று எனக்குத் தெரியும். ரிசார்ட்டில் சம்பளம் வாங்குகிற நானே அந்த நாளைச் சொல்லிக் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் தடத்தில் உட்கார்ந்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் போல ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி கோபப்படுவார், போலீஸைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காரிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக்கொண்டு நடந்து வந்தார்.

"உங்க மனசு நோகற மாதிரி நான் ஒண்ணும் பண்ண மாட்டேங்க. அவர் வேண்டாம்னா வேண்டாம். இன்னைக்கே அனுப்பிடறேன். இந்த மண் தடத்துல எதுக்குங்க கஷ்டப்படறீங்க? பின்பக்கமா உங்களுக்குன்னு தனியா ரோடே போட்டுத் தர்றேன்."

பெண்கள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் ஓர் ஒப்பந்தம் வந்தது. புதிய ரோடு தயாரானதும் ஊரார் பழைய தடத்தைப் பயன்படுத்துவதை நிறுத்திக்கொள்வார்கள் என்று அதில் இருந்தது. மூன்று முறை படித்தேன். தயார் என்றால் என்ன, தார் ரோடா, எத்தனை அடி அகலம், யார் பார்த்துச் சொல்வது, ஒன்றும் அதில் இல்லை. தாலுகா ஆபீஸில் இப்படி ஒரு காகிதம் என் மேஜைக்கு வந்திருந்தால் எழுதினவன் முகத்தில் வீசியிருப்பேன். அன்று எனக்கு அது கண்ணில் படவில்லை. இருந்த சந்தேகத்தை எல்லாம் ஒரே ஆள் மேல் செலவழித்துவிட்டேன். கைநாட்டு வைக்கிறவர்களின் விரலைப் பிடித்து மையில் ஒற்றியது நான்.

மைசூர்க்காரரைத் தருமபுரி ரயில் நிலையத்தில் விட்டுவர என்னையே அனுப்பினார்கள். ஜீப்பில் அவர் பின் சீட்டில் படச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பிளாட்பாரத்தில் வண்டிக்கு இன்னும் அரைமணி இருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். இனி அவரால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை, அவர் சொல்கிற கதையை உடைக்கிற வேலையும் எனக்கு இல்லை. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன்.

"சார், அந்த வெள்ளைக் கட்டையை எதுக்குப் பிடுங்கச் சொன்னீங்க?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று நினைத்திருப்பார். பிறகு சுருளைப் பிரித்து பெஞ்சில் விரித்தார்.

கோல்ஃபில் வெள்ளைக் கட்டைக்கு அப்பால் போன பந்து செத்த பந்து. அபராதத்தோடு திரும்பவும் முதலிலிருந்து அடிக்க வேண்டும். தடத்தை ஒட்டிக் கட்டை நின்றால் ஒருவனும் தடத்துப் பக்கம் அடிக்க மாட்டான், எல்லோரும் வலது பக்கமே அடித்துவிட்டுப் போவார்கள். அப்போது தடம் ஆட்டத்துக்கு வேண்டாத பொருள். வேண்டாத பொருளை முதலாளி ஒரு நாள் சுவர் வைத்து அடைப்பார், யாருக்கும் நஷ்டமில்லை. கட்டை இல்லாவிட்டால் தடத்தில் விழுந்த பந்தும் உயிருள்ள பந்து. தடம் இருப்பதால்தான் வலதா இடதா என்ற யோசனையே வருகிறது. தடத்தை எடுத்தால் அந்த ஹோலே போய்விடும். ஆகவே யாரும் எடுக்க முடியாது. முதல் படம் இடத்தைப் பார்க்காமல் வரைந்தது, நேரில் நின்று பார்த்த பிறகுதான் மாற்றினேன் என்றார்.

படத்தைப் பார்த்தேன். மொத்தத் தடமும் அதில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அகலம் எழுதியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: ஊர்ப் பாதை, உள்ளபடியே விடவும், ஆள் வந்தால் ஆட்டக்காரர் காத்திருக்க வேண்டும். நான் வரையாமல் விட்ட தடத்தை இந்த மனிதர் அங்குலம் அங்குலமாக வரைந்து வைத்திருந்தார். அந்தத் தடம் இருந்த ஒரே காகிதம் அது. அதில் முதலாளியின் கையெழுத்து விழவே இல்லை, இனி விழப்போவதும் இல்லை.

"எங்க ஊருக்காகவா சார் இதைச் செஞ்சீங்க?"

"ஊருக்கா? இல்ல, இல்ல" என்றார். "ஹோலுக்காக. அந்த மாதிரி ஒரு தடம் நான் தேடினாலும் சிக்காது."

ஊருக்காக என்று சொல்லியிருந்தால் நான் ஒரு சொல் நம்பியிருக்க மாட்டேன். தனக்காகத்தான் என்று சொன்னதும் நம்பாமல் இருக்க முடியவில்லை. முப்பத்திரண்டு வருடமாக எல்லோருடைய சுயநலத்தையும் மோப்பம் பிடித்தவன், எங்கள் பக்கம் நின்ற ஒரே சுயநலத்தை விரட்டிவிட்டேன். ரயில் வந்தது. அவர் பையைத் தூக்கி ஏற்றிவிட்டேன். ஊர்க்காரர்களைக் கிளப்பிவிட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தது போல அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

மறுநாள் முதலாளியிடம் போய், மைசூர்க்காரர் கடைசியாக வரைந்த படத்தையே வைத்துக்கொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். இந்த முறை அந்தக் கண்ணைப் பார்த்தேன். "மனுவே நீங்க எழுதினதுதானே சார்? எழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். ரொம்ப உதவி பண்ணீங்க. அவரோட போட்ட ஒப்பந்தப்படி அவரை நானா நிறுத்தியிருக்க முடியாது" என்றார்.

மழைக்கு முன்பே ஏரி வெட்டிவிட்டார்கள். தடம் இருந்த இடத்தில் இப்போது தார்ப்பாய் விரித்த பள்ளத்தில் போர்வெல் தண்ணீர் நிற்கிறது. கரையில் அந்த வெளிநாட்டு மரங்கள். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. வருகிறவர்கள் மேட்டில் ஏறி முதலில் போனை எடுக்கிறார்கள். படம் எடுத்துவிட்டு ஓர் அடி அடித்துவிட்டுப் போகிறார்கள். மேட்டில் நின்று வலதா இடதா என்று யோசித்தவர் ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை. ஊருக்குத் தருவதாகச் சொன்ன ரோடு, ஜேசிபி வைத்து ஒரு நாள் நிரவிய மண். அதைத்தான் தயார் என்றார்கள். முதல் மழையில் அதன் பாதி ஓடையில் போய்விட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. ரயில் நிலையத்தில் அவர் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று தேட ஆரம்பித்தேன். வேலை போன கோபத்தில், என்னைக் குத்திக்காட்ட, அங்கேயே கட்டிவிட்ட கதையாக இருக்கலாமே? சிவப்பு மைக் குறிப்பை ஜீப் ஏறுவதற்கு முன் எழுதியிருக்கலாமே? அவர் முன்பு வேலை செய்த ஊர்களை விசாரித்தேன். ஆபீஸ் பீரோவில் அவர் கடிதங்களைத் தேடினேன். ஒரு பித்தலாட்டம் அகப்பட்டால் போதும், நான் செய்தது சரியென்று ஆகிவிடும். வாழ்நாளில் எந்தத் திருடனையும் அவ்வளவு ஆசையாக நான் தேடியதில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கிடைக்காததால் மட்டும் ஒருவன் யோக்கியன் ஆகிவிடுவானா என்று ஒரு சிறிய இடம் மனதில் மிச்சம் இருந்தது. அதில்தான் கொஞ்ச நாள் குடியிருந்தேன்.

தை மாதம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் தோட்டத்தில் இருந்தாள். மல்லிச் செடிகளை வேரோடு தோண்டி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மரவள்ளி வைக்கப் போவதாகச் சொன்னாள். கிழங்கு காத்திருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் லாரிக்காரன் வந்து எடுத்துப் போவான், மொட்டு மாதிரி அவசரப்படுத்தாது என்றாள். சுற்று வழியில் போய்ச் சேர்வதற்குள் பையிலேயே பூத்துவிட்ட மல்லியை மார்க்கெட்டில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்த நாட்களைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் நிலையம், படம், சிவப்பு மை. கடைசியில், "இதெல்லாம் அந்தாளு வேலை போன ஆத்திரத்துல சொன்ன கதையாக் கூட இருக்கும். யாரு கண்டா?" என்றேன். அவள் வாயிலிருந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை வந்துவிட வேண்டும் என்று அடித்துக்கொண்டது எனக்கு.

"கதை இல்லண்ணா, நெசந்தான்" என்றாள். "கட்டையப் பிடுங்கறதுக்கு மொத நாளே எங்கிட்டச் சொன்னாரு. வண்டிய நிறுத்தி, நாளைக்கு இதப் பிடுங்குவோம், பயப்படாதீங்கம்மா, இந்தத் தடத்த வச்சுத்தான் நான் ஆட்டத்தையே வரஞ்சிருக்கேன், இத இனி யாரும் அடைக்க முடியாதுன்னு."

"அப்புறம் ஏம்மா அன்னிக்கு ஊர்க் கூட்டத்துல சொல்லல?"

"நீதான் வேற மாதிரி சொன்னயேண்ணா. ஊரே எங்கிட்ட வந்து கேட்டுச்சு, கையெழுத்துப் போடலாமான்னு. எங்கண்ணன் நிலத்து விசயத்துல தப்பாச் சொல்லாதுன்னு நாந்தான் மொதல்ல போட்டேன்."

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு அடுத்த செடியைத் தோண்டக் குனிந்தாள்.